ஒரு சாண் தள்ளி

"முழு பாரமும் என் தோள்லதான்! அவ சும்மா கம்பைத் தொட்டுக்கிட்டு வர்றா!"

மூன்று மாடிக்கும் கேட்கட்டும் என்றுதான் மூத்தவள் சொன்னாள்.

குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் எரிந்து பத்து நாள். கம்பில் கயிறு கட்டி வாளியைத் தொங்கவிட்டு, ஓரகத்திகள் இருவரும் மூன்றாவது மாடிக்குத் தூக்கினார்கள். முன்னால் மூத்தவள், பின்னால் இளையவள். தினம் எட்டு நடை.

இளையவள் அடுத்த நடைக்குக் கம்பை எடுத்தாள். அதுவே மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, நீதான் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியாராச்சே. அளந்து காட்டு. என் பக்கம் பாரம் அதிகம்னா நீயும் உன் பொண்டாட்டியும் தனியா வீடு பாத்துக்கணும். சரியா?"

இளையவள் முகம் வெளுத்தது. அளக்கக் கிடைத்ததில் கொழுந்தனுக்கோ குஷி. மறுநாளே பள்ளியிலிருந்து இரண்டு ஸ்பிரிங் தராசுகளோடு வந்துவிட்டான். மூத்தவளின் கணவர் போனில் படம் பிடிக்கத் தயாரானார். தண்ணீர் தூக்கத்தான் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

கம்பின் முனைக்கொரு தராசு மாட்டினான். தராசின் வளையத்தை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"எப்பவும் தூக்குற மாதிரியே தூக்கணும்" என்றாள் மூத்தவள். "கயித்தை யாரும் தொடக்கூடாது!"

தூக்கினார்கள். வாளி ஆடி, நின்றது.

"பாரம் கீழ இழுக்குது, ஸ்பிரிங் மேல இழுக்குது. ரெண்டும் சமமானாத்தான் முள் நிக்கும், அண்ணி. அது பொய் சொல்லாது."

"பாடம் எடுக்காதே, படி!"

"உங்க பக்கம் அஞ்சு கிலோ."

"பாத்தீங்களா!"

"இவ பக்கம் பத்து."

போன் பிடித்த கை இறங்கியது.

"ஓட்டைத் தராசு! மாத்தி மாட்டு!"

மாற்றி மாட்டினான். மூத்தவள் பக்கம் மறுபடியும் அஞ்சு. அந்தப் பக்கம் மறுபடியும் பத்து.

அப்போதுதான் மூத்தவள் கம்பைத் திரும்பிப் பார்த்தாள். கயிறு நடுவில் இல்லை. ஒரு சாண் தள்ளி, இளையவள் பக்கம் இருந்தது. முன்னால் ஏறுகிறவளுக்கு முதுகிலா கண்?

"ஏய், யாருடி இப்படிக் கட்டினது?"

"நான்தான் அக்கா."

"எதுக்கு?"

"ரெண்டாவது மாடி வந்தா நீங்க சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு முட்டியைத் தடவுறீங்க. கேட்டா ஒண்ணுமில்லேன்னு கடிப்பீங்க. அதான், சொல்லாம..."

மூத்தவளின் கை தானாக முட்டிக்குப் போனது.

கொழுந்தன் விடவில்லை. "அஞ்சும் பத்தும் பதினஞ்சு. வாளியும் பதினஞ்சு. விசைகள் சமம்! எவ்வளவு அழகா இருக்கு பாருங்க அண்ணி!"

"ரொம்ப அழகு. பதினஞ்சுல உன் பங்கு எவ்வளவு, தம்பி?"

"நான்... அளக்கிறேனே அண்ணி."

"உங்க அண்ணன் பங்கு?"

"எனக்கு ஆபீசுக்கு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"போனை உள்ள வைங்க. தம்பி, நீ முன்னால பிடி. நீங்க பின்னால வாங்க. இன்னும் எட்டு நடை இருக்கு."

ஆண்கள் இருவரும் கம்பைத் தோளில் ஏற்றினார்கள். இளையவள் பதறிப்போய், கயிற்றை நடுவுக்குத் தள்ளக் கை நீட்டினாள்.

மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே இருக்கட்டும், விடுடி. என் வீட்டுக்காரருக்கு முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு!"