மரியாதைக்குரிய புழு

"அண்ணே, நேத்து வாங்கின கத்தரிக்காயில புழு நெளியுது!" என்று பையைக் கடைவாசலில் கொட்டினாள் வாடிக்கைக்காரி.

இருபது வருடமாக இதற்கெல்லாம் சத்தியம் செய்தே சமாளித்த காய்கறிக்காரர், இன்று பூரித்துப்போனார்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா! உயிரோட இருக்கா?"

"கிண்டலா? கொழுகொழுன்னு இருக்கு!"

"பாத்தீங்களா சார்?"

கத்தரிக்காய் பற்றி வந்த புகாரில் கடைக்குச் சீல் வைக்க வந்திருந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி குனிந்து பார்த்தார். "அட! தடை செஞ்ச மரபணு மாத்தின கத்தரின்னா புழு கிட்டயே வராது. இது சுத்தமான காய்தான்யா!"

அவர் பூட்டோடு தெருமுனை திரும்பியதும், காய்கறிக்காரர் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"ஏங்கக்கா, என் கடையில ஏது புழு? அது உங்க வீட்டுல ஏறினதா இருக்கும்!"