சாட்சி மல்லி

“பூத் திருடி மாட்டிக்கிட்டா மேடம்! கையும் களவுமா கேமராவுல இருக்கு. இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திடலாம்” என்றான் பிரசன்னா, அந்த அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர்.

ஜெபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே, அது சாதாரணப் பூவா? சாட்சிப் பூ!

பாரிவாக்கத்தில் ‘சி’ பிளாக் நாலாவது மாடியில், தன் வாசலை ஒட்டி ஒரு குண்டுமல்லித் தொட்டி வைத்திருந்தாள் ஜெபா. போன வருஷம் மே மாதம் முழுக்க நாசரேத்தில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள்.

“செடிக்கு யாருங்க தண்ணி ஊத்துவா?” என்று பிளாக்கில் கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்தான்.

“கர்த்தர் பாத்துக்குவார்.”

திரும்பி வந்து பார்த்தால், கத்திரி வெயிலில் ஒரு இலைகூட வாடாமல் செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது!

அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். “மனுஷர் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். எங்க மல்லிச் செடியோட ஒவ்வொரு இலையும் அதைத்தான் சொல்லுது.” சபையே ‘அல்லேலூயா’ என்றது. போதகரின் மனைவி வீடு தேடி வந்து தொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஜெபாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்த மே மாதமும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நேற்று வந்து பார்த்தால், இந்த வருஷமும் அதே பசுமை. வருகிற ஞாயிறு பூந்தமல்லியில் பெண்கள் கூட்டம். இருநூறு பேருக்கு முன்னால் இவள்தான் சாட்சி சொல்ல வேண்டும். புதுப் புடவைக்கு ஃபால்ஸ்கூடத் தைத்தாகிவிட்டது.

ஆனால் செடியில் மருந்துக்கும் ஒரு பூ இல்லை. காம்பு காம்பாகக் கிள்ளிய அடையாளம்தான் இருந்தது. கர்த்தர் காத்த செடியில் எவளோ கை வைத்திருக்கிறாள்!

அந்த ‘எவளோ’ இப்போது சங்க அறையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பூங்காவனம். ‘சி’ பிளாக்கைப் பெருக்கித் துடைப்பவள். கதவோரம் வாட்ச்மேன் வீராசாமி.

பிரசன்னா கேமரா பதிவை ஓட்டினான். பூங்காவனம் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மளமளவென்று பூப் பறிக்கிறாள்.

“இதுக்கு என்ன சொல்றே?”

“பறிச்சேன் சார். நாந்தான் பறிச்சேன்” என்றாள் பூங்காவனம். தலை கொஞ்சமும் குனியவில்லை.

“திமிரைப் பாத்தீங்களா மேடம்?”

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே! அது கர்த்தரோட செடி, தெரியுமா உனக்கு?” என்றாள் ஜெபா.

“தெரியும்மா.”

அவ்வளவுதான் என்பதுபோல் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள் அவள். வீராசாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

“சார், நடுவுலேர்ந்து பாத்தா இன்னா தெரியும்? அதுக்கு முந்தி ஓட்டுங்க.”

“நீ சும்மா கெட அண்ணாத்தே” என்று பூங்காவனம் அடக்கப் பார்த்தாள். பிரசன்னா அதற்குள் ஓட்டிவிட்டான்.

மே மாதத்தில் லிஃப்ட் ரிப்பேர். குழாயில் தண்ணீர் இல்லாமல் லாரித் தண்ணீர்தான். கீழேயிருந்து பூங்காவனம் கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறாள். நாலாவது மாடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். பிறகு, மண் குடிக்கக் குடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறாள்.

பிரசன்னா அடுத்த நாளைத் தட்டினான். அதே காட்சி. அதற்கடுத்த நாளும் அதேதான்.

“போன வருசமும் இதே கதைதான் சார். வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கையில சத்தியம் வாங்கிகிச்சு” என்றார் வீராசாமி.

ஜெபாவுக்குப் பெண்கள் கூட்டம் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று என்னத்தைச் சொல்வது?

“அப்போ... பூ?” என்றாள், விட மனமில்லாமல்.

“பறிச்சாத்தாம்மா மறுபடி மொட்டு வுடும். எங்க ஊட்டுக்கு ஒரு பூகூட எடுத்துகினு போவல. உங்க வாசல்ல அவுரு பேரு போட்ட பலகை கீதே, அதுக்குத்தான் கட்டிப் போட்டேன். அவுரு செடி, அவுரு பூ.”

நேற்று வசனப் பலகையில் காய்ந்து தொங்கிய சரத்தை, ‘நம்ம சபையில இந்தப் பழக்கமே கிடையாதே, யார் இப்படிப் பண்ணினது?’ என்று பிய்த்துக் குப்பையில் போட்டவள் ஜெபாதான்.

“ஸாரிக்கா” என்று முனகிக்கொண்டே பிரசன்னா திரையை அணைத்தான்.

ஜெபாவின் கண் கலங்கிவிட்டது. “போன வருஷம் சாட்சி சொல்லிட்டு வந்து உங்கிட்டயே பீத்திக்கிட்டேனே பூங்காவனம். ‘நாந்தான் ஊத்தினேன்’னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்பவும் திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டு நின்னியே, ஏன்?”

பூங்காவனம் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எம்பேரு கெட்டா நாலு நாள்ல சரியாப் பூடும்மா. நீங்க அவுர நம்பி உட்டுட்டுப் போனீங்க. அல்லார் கையிலயும் சொல்லிட்டு வேற போனீங்க. செடி காஞ்சிருந்தா அவுரத்தானே ஏசுவாங்க? நான் பெருக்குற பிளாக்குல ஒரு சாமி பேரு கெட உட்டுடுவேனா?”