பிசிறு

ஜன்னல் வெயிலில் மேசைமேல் பித்தளைத் தூள் மினுங்குகிறது. நகை செய்யும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள், தன் முதல் மோதிரத்தின் வெளிப்பக்கத்தை முகம் தெரியுமளவுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மோதிரத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கும் ஆசிரியை சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறாள். "உள்ள பிசிறு கத்தி மாதிரி இருக்கேம்மா! அரம் போட மறந்துட்டியா?" என்று ஓர் அரத்தை நீட்டுகிறாள். "மறக்கல டீச்சர். இது என் நாத்தனாருக்கு. என் தங்கத் தோட்டைக் கழட்டி அவ காதுல மாட்டிக்கிட்டு, உன் மூஞ்சிக்குப் பித்தளையே ஜாஸ்தின்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சா." தேய்க்கும் கை நிற்கவே இல்லை. ஆசிரியை அவளுடைய வெறுங்காதை ஒரு கணம் பார்க்கிறாள். நீட்டிய அரத்தை இழுப்பறையில் போட்டு மூடுகிறாள். "அப்ப அளவைக் கொஞ்சம் குறைச்சுக்க," என்கிறாள் குரலைத் தாழ்த்தி. "போட்டா கழட்ட வரக் கூடாது."