எழுபது புள்ளி

காலை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்து பெட்டியைச் சுவரில் மாட்டினார். "காத்துல இருக்கற சாம்பலையும், வீட்ல இருக்கறவங்க இருமலையும் இதுவே எண்ணிக்கும். மதியம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்களில் எழுபது புள்ளிக்கு மேல் கெட்டுப்போன வீட்டில் வசிப்பவர்களுக்குத்தான் ஆய்வு உதவித்தொகை. அனல்மின் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் இலக்கியாவுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே சொன்னது.

பெட்டி நாற்பத்தொன்று காட்டியது.

இலக்கியா சுற்றிலும் பார்த்தாள். தரை பளபளத்தது. திரைச்சீலைகள் துவைத்து மாட்டப்பட்டிருந்தன.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஆபீசர் வர்றாரே, வீடு அலங்கோலமா கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா தேசம்மாள் பெருமையாக. "ஒரு பொட்டு சாம்பல் இல்லாம தொடச்சிருக்கேன்."

இலக்கியா ஓடி ஓடி எல்லா சன்னல்களையும் திறந்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். காற்று இன்றைக்கென்று பார்த்து நிலையத்தின் பக்கமிருந்து வராமல் கடலிலிருந்து சுத்தமாக வீசியது. பதினொன்றரை மணிக்கும் அறுபதைத் தாண்டவில்லை.

உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கு இருமல் கிளம்பியது. பத்து வருடத்து இருமல். தேசம்மாள் வழக்கம்போல வெந்நீர்ச் சொம்போடு ஓடினாள்.

பெட்டி கூவியது. அறுபத்துநான்கு.

தேசம்மாள் நின்றாள். மகளைப் பார்த்தாள். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, கணவரின் முதுகைத் தடவியபடி தேசம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் இருமுய்யா."