சுண்டிப் பார்த்த குவளை

ணங்கென்று ஒலித்த அந்த ஓசையை மஞ்சள் பை இன்னும் மறக்கவில்லை. சூளையிலிருந்து எடுத்ததும் செங்கமலம் விரலால் சுண்டிப் பார்த்தபோது மண்குவளை எழுப்பிய ஓசை அது. கடைகளில் மாதிரி காட்ட அதைத்தான் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள். வீட்டில் இன்னும் ஐந்நூறு குவளைகள் மொத்தமாக வாங்கும் ஒருவருக்காகக் காத்திருந்தன.

போன கடைகளிலெல்லாம் முதலாளிகள் குவளையைச் சுண்டினார்கள். “அப்புறம் சொல்றேம்மா” என்றார்கள். இருபத்தொன்பதாவது கடையில் குவளையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்தது.

“அக்கா, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு” என்றது குவளை.

“இத்தனை பேர்கிட்ட குட்டு வாங்கினா கட்டாம என்ன செய்யும்? அடுத்த கடையில வாயைத் திறக்காதே” என்றது பை.

“சுண்டினா நான் என்ன பண்றது? வீட்டுல இருக்கறவங்க என்னைத்தானே நம்பியிருக்காங்க.”

முப்பதாவது கடைக்காரர் சுண்டினார். குவளை கரகரத்தது. பை சுருங்கிப்போயிற்று.

“விரிசல் விட்டிருக்கே. எத்தனை கடை ஏறினீங்க?”

“இதோட முப்பதுங்க. வீட்டுல இன்னும் ஐந்நூறு இருக்குங்க” என்றாள் செங்கமலம்.

அவர் குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். தன் தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். மேசையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“இவ்வளவு அடிக்கும் தாங்கியிருக்கு. ஐந்நூறையும் அனுப்பிடுங்கம்மா.”

ஐந்நூறும் வண்டியேறிப் போயின. மாதிரிக் குவளை செங்கமலத்தின் ஜன்னலில் இருக்கிறது. அதில் கொத்தமல்லி வளர்கிறது. இப்போது அதை யாரும் சுண்டுவதில்லை.