மாமரத்து இழைமணி

"ஐயா, உங்கட கிணத்தடி மாமரத்தில மனுசன்ர இழைமணி கிடக்கு!"

வேணுஜா ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட இல்லை. படலையில் நின்றே கூவினாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை. மூன்று மாதத்துக்கு முன் பெரியமடுவுக்கு வந்து, மரப்பட்டையில் சாம்பல் பூத்தது போல் படர்ந்திருக்கும் இலைக்கனைச் சுரண்டி உறையில் போட்டுக்கொண்டு போனவள்.

சிவராசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மணி பிள்ளை? சண்டை நேரம் ஆரும் ஒளிச்சு வைச்சதோ?"

"அதில்லை ஐயா. உடம்புக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சாமான், இங்கிலீசில மைட்டோகொண்ட்ரியா எண்டுவினம். மனுசருக்கு அது தாயிட்ட இருந்து மட்டும்தான் வரும். இலைக்கனுக்கும் இருக்கு. அரிப்பு, உப்புக்குளம், பெரியமடு, மூண்டு இடத்து இலைக்கனும் அக்கா தங்கச்சியோ, ஒண்டுவிட்ட சகோதரமோ எண்டு இழைமணியை வைச்சு ஒப்பிட்டுப் பாக்கிறன். மற்ற ரெண்டும் வடிவா வந்திட்டுது. உங்கட மரத்தில சுரண்டினதுக்குள்ள மட்டும் மனுசனும் வெத்திலையும்! ஆரோ வெத்திலை போட்டு அதில துப்பியிருக்கினம்."

வெத்திலை என்ற சொல் காதில் விழுந்ததும், முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பரமேஸ்வரி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

சிவராசா சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்காமல் பின்னே? போன வருசம் வாயில் புண் வந்தபோது, இனி வெற்றிலையைத் தொடமாட்டேன் என்று திருக்கேதீச்சரத்தில் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்த மனுசன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடோ மனைவியின் பேரில். "திரும்ப வாய் சிவந்து கண்டனெண்டால் கொட்டில்தான்" என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அவர்கள் முதலில் குடியிருந்த தகரக் கொட்டில் அது. இப்போது அதில் ஆறு ஆடுகள் குடியிருக்கின்றன.

சத்தியம் ஒரு கிழமை தாங்கியது. பிறகு வயலுக்குப் போகிற வழியெல்லாம் போட்டார், வழியெல்லாம் துப்பினார். அந்த மாமரத்தில் துப்பினதாக ஞாபகமில்லை. துப்பாத மரம் எது என்றும் ஞாபகமில்லை.

"ஆடு நக்கியிருக்கும் பிள்ளை" என்றார்.

"ஆடெண்டால் ஆட்டின்ரயல்லோ வந்திருக்கும்? இந்த வளவில நீங்கள் ரெண்டு பேர்தானே. ரெண்டு பேரும் கொஞ்சம் எச்சில் தாங்கோ. ஆரின்ர எண்டு தெரிஞ்சால் அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் பாப்பன்."

பரமேஸ்வரி ஓடி வந்தாள். "என்னத்துக்குப் பிள்ளை வீண் கரைச்சல்? நான் இப்பவே மரத்தைத் தேய்ச்சுக் கழுவிவிடுறன். நீங்கள் வேற மரத்தில சுரண்டுங்கோவன்!"

சிவராசாவுக்கு நெஞ்சு உருகிப்போனது. எவ்வளவு திட்டினாலும், புருசன் மானம் போகக்கூடாதென்று துடிக்கிறாளே!

வேணுஜா விடுகிற ஆளில்லை. இரண்டு சின்னக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டி நீட்டினாள். பரமேஸ்வரி மாட்டேன் மாட்டேன் என்று நின்று, பல்லுக்கொதிக்கென்று எந்நேரமும் வாயில் அடக்கியிருக்கும் கராம்பைத் துப்பிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எச்சிலைக் கொடுத்தாள். அவளுக்கு அவ்வளவு வெட்கம் என்று சிவராசா நினைத்துக்கொண்டார்.

வேணுஜா மரத்தைப் படம் எடுக்கப் போனாள். பரமேஸ்வரி தேத்தண்ணி போடப் போனாள். கதிரையில் குழாய்கள் இரண்டும் தனியே கிடந்தன. சிவராசா இரண்டு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினார்.

அவருடைய மூளையும் சும்மா இல்லை. பரமேஸ்வரியின் எச்சில் தன் பேரில் போனால் தான் தப்பினார். தன் எச்சில் அவள் பேரில் போய்ப் பிடிபட்டாலும், வெற்றிலைக் காம்பைக்கூடத் தொடாத மனுசியை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? மெசினுக்கு விசர் என்பார்கள். பிள்ளையாரே, இந்த ஒருக்கால் மன்னிச்சுக்கொள்ளும்!

ஒரு மாதம் போனது. அதற்குள் பரமேஸ்வரி மூன்று தரம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எல்லாம் தனக்காகத்தான் என்று சிவராசா உருகினார்.

ஒரு பின்னேரம் வேணுஜாவின் அழைப்பு வந்தது. பரமேஸ்வரி இருவருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தாள்.

"அம்மா, பிடிச்சிட்டன்! மரத்தில இருந்ததும் ஒரு குழாயில இருந்ததும் நூற்றுக்கு நூறு பொருந்துது. மற்றது கிட்டவும் வரேல்லை."

"ஆரின்ர குழாய் பிள்ளை?" பரமேஸ்வரி போனுக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"சிவராசா ஐயான்ர."

பரமேஸ்வரி நெல் மூட்டையை இறக்கி வைத்தவள் போல் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அடுத்த கணம் உரு வந்தவள் போல் ஆடினாள். "நான் அப்பவே நினைச்சனான்! தாய் வழியா வாறது எண்டு பிள்ளை சொன்னதுதானே! உங்கட அம்மாவும் சாகுமட்டும் வெத்திலைத் தட்டத்தோட திரிஞ்சவதான்! என்ர வீட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. எடுங்கோ பாயை!"

சீட்டு மாற்றியதைச் சொன்னால் வெற்றிலையையும் சொல்லவேண்டி வரும். சிவராசா பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டிலை நோக்கி நடந்தார். பாதி முற்றம் தாண்டும்போதுதான், தன் பேரில் போன குழாயில் இருந்தது யாருடைய எச்சில் என்பது உறைத்து, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. திரும்பி நின்றார்.

"நான் போறன் பரமேசு. என்ர சுண்ணாம்பு முடிஞ்சுபோச்சு, நீ ஒளிச்சு வைச்சிருக்கிறதில கொஞ்சம் தாவன்!"