சிவந்த கிணறு

கிணற்றுத் தண்ணீர் ரத்தம் போலச் சிவந்து கிடந்தது. லோகநாயகி குனிந்து பார்த்தாள். அதில் தெரிந்த முகம் தன்னுடையதில்லை போலிருந்தது.

"பேப்பர்லேர்ந்து பொம்பளய அனுப்பிக்கீறாங்கப்பா! கெணத்தாண்ட கோலம் போட வந்துக்கீது போல" என்றான் சின்னப்பையன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. எழுபதாம் வருஷம் ஒரு வார இதழில் நிருபராகச் சேர்ந்தவளுக்கு மூன்று வருஷமாகக் கிடைத்தது கோலமும் சமையலும்தான். "அம்பத்தூர்க் கிணறு நிஜம்னா அட்டைப்படக் கட்டுரை. ஒரு வரி பொய்யானாலும் நீ மறுபடி கோலப் பக்கம்தான்" என்று சொல்லித்தான் ஆசிரியர் அனுப்பியிருந்தார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று அவனையே கேட்டாள்.

"ஆடி மொத வெள்ளிலேர்ந்து. கெங்கையம்மா கோவம்னு பூசாரி சொல்றாரு. அன்னியோட ஒருத்தரும் இதுல மொள்றதில்ல. பொம்பளைங்கோ டேசனாண்ட கீற பைப்புக்குத்தான் நடந்துகினு கீதுங்க."

"அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. அந்தப் பட்டறைதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு அடங்கியது. யாரும் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நாகம்மா. போன மாதம்தான் தன் ஒரே மகள் புஷ்பாவை வாந்திக்குப் பறிகொடுத்தவள்.

இருவரும் பட்டறைப் பக்கம் நடந்தார்கள். வழியில் கெங்கையம்மன் கோயில். திருவிழாவுக்கு மதிலில் பட்டை அடித்திருந்தார்கள். வெள்ளைப் பட்டைகள் கடைசி வரை இருந்தன. காவிப் பட்டைகள் பாதி மதிலோடு நின்றுபோயிருந்தன.

"இந்த வருசம் எங்க ஊட்டு மொறை. முடிக்கல" என்றாள் நாகம்மா.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

பூட்டுக்கும் கொக்கிக்கும் முலாம் பூசும் பட்டறை அது. சுவரோரம் நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து கழிவுநீர் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.

"இது சிவப்பா இல்லையே?"

நாகம்மா குழாயைக் கைகாட்டினாள்.

"எம் பொண்ணு செத்தப்போ ஆபீசருங்களும் இங்க நின்னு இதத்தாம்மா சொன்னாங்க. கெணத்தயும் எட்டிப் பாத்தாங்க. தண்ணி நல்லாத்தான் கீதுன்னு போய்ட்டாங்க."

"புரியுது. பகல்ல தெளிவா விட்டுட்டு, ராத்திரியில சிவப்பத் திறந்து விடறாங்க!"

கட்டுரையின் முதல் வரி லோகநாயகிக்கு அப்போதே கிடைத்துவிட்டது. நாகம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கிணற்றை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தாள். கிண்டி ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குக் கொடுக்க ஒரு பாட்டிலில் சிவப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு கிளம்ப நாகம்மாவின் குடிசைக்குப் போனபோது, வாசலில் ஒரு சின்ன அலுமினியக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. குழந்தை இடுப்புக்கு ஏற்ற குடம். அதை யாரும் எடுத்துவைக்கவில்லை.

உள்ளே போன நாகம்மா ஒரு பாட்டிலோடு வந்தாள். தக்கை அடைத்த, தெளிந்த தண்ணீர்.

"இத்தையும் எடுத்துக்கினு போம்மா."

வெயிலில் தொண்டை வறண்டு கிடந்தது. இழவு வீட்டிலும் வழிப்பயணத்துக்குத் தண்ணீர் தருகிற மனசை நினைத்து லோகநாயகிக்குக் கண் கலங்கியது. தக்கையைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோனாள்.

நாகம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "குடிக்காத! கெணத்துத் தண்ணிம்மா அது. செவக்கறதுக்கு முன்னால மொண்டது. எம் பொண்ணு குடிச்சது."

லோகநாயகியின் உதட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. பாட்டிலைக் கீழே இறக்கினாள்.

"அப்போ... அந்தச் சிவப்பு?"

நாகம்மா பிடியைத் தளர்த்தினாள். கவிழ்ந்திருந்த குடத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"கோயில் காவி. நாந்தான் தெனம் கரைச்சி ஊத்தறேன். தெளிஞ்சு கெடந்த வரைக்கும் நீ வந்தியா, இல்ல இந்த ஊருதான் குடிக்கறத நிறுத்திச்சா?"